ஈறில் தோன்றிய கருநீல வீக்கம்: மகளுக்குக் கடைவாய்ப் பல் முளைத்த அனுபவம்

எங்கள் மகளுக்கு ஒன்றே கால் வயது நடந்துகொண்டிருந்தபோது, மேல் ஈறின் இடப்பக்கத்தில், முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் ஒரு வீக்கம் தென்பட்டது. டார்ச் அடித்துப் பார்த்தபோது அது நாவல் பழ நிறத்தில், பளபளப்பாக, என் சுண்டுவிரல் நுனியளவுக்கு உப்பியிருந்தது. மெல்லத் தொட்டால் உள்ளே நீர் கோத்திருப்பது தெரிந்தது. அவள் அழவில்லை, காய்ச்சலும் இல்லை, வழக்கம்போலச் சாப்பிட்டாள். ஆனாலும் குழந்தையின் வாய்க்குள் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு எந்தத் தாயாலும் நிம்மதியாக உறங்க முடியாது.

ஈறு சிவப்பதும் எச்சில் வடிவதும் நாங்கள் அறிந்தவைதான். இந்தக் கருநீலம் வீட்டில் யாரும் பார்த்திராதது. “கெட்ட ரத்தம் கட்டியிருக்கும்மா, சுத்தமான ஊசியால லேசா கீறி விட்டா வடிஞ்சிடும்” என்று அத்தை அக்கறையோடுதான் சொன்னார். மருந்துக்கடையில், பல் முளைக்கும் குழந்தைகளுக்கு எல்லோரும் வாங்குவது என்று சொல்லி ஒரு ஜெல்லைக் கொடுத்தார்கள். குழாயின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் கோலின் சாலிசிலேட் (வலி குறைக்கும் மருந்து), லிக்னோகெய்ன் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) என்று அச்சிட்டிருந்ததால், மருத்துவரைக் கேட்காமல் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

மறுநாள் காலை சைதாப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் கோட்டை நிலையம் சென்று, எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி, குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவில் காத்திருந்தோம். பெரிய சுழல் நாற்காலியில் படுக்க வைத்தால் அவள் எப்படி வாய் திறப்பாள் என்பதே என் கவலையாக இருந்தது. அந்த நாற்காலிக்கு வேலையே வரவில்லை. மருத்துவர் எனக்கு எதிரே ஒரு ஸ்டூலில், முழங்காலோடு முழங்கால் ஒட்டும்படி அமர்ந்தார். குழந்தையின் முகம் என்னைப் பார்க்கும்படி அவளது கால்கள் என் இடுப்பின் இருபுறமும் இருக்க, தலையை மட்டும் மெதுவாக அவர் மடியில் சாய்த்தோம்; கைகளை நான் பிடித்துக்கொண்டேன். அவள் அழுதாள், அழுததால் வாயும் நன்றாகத் திறந்தது, ஒரு நிமிடத்துக்குள் பரிசோதனை முடிந்தது.

விழுந்தாளா, உடம்பில் வேறெங்காவது காரணமின்றிக் கன்றிப்போயிருக்கிறதா, வேறெங்கும் ரத்தம் கசிந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அவர் விளக்கினார். ஒவ்வொரு பல்லும் தாடை எலும்புக்குள் ஒரு மெல்லிய பைக்குள் வளர்கிறது. அது எலும்பைக் கடந்து ஈறின் அடிப்பகுதிக்கு வரும்போது, பல்லுக்கும் அந்தப் பைக்கும் இடையே சில குழந்தைகளுக்கு நீர் சேர்ந்துவிடுகிறது. இதற்கு எரப்ஷன் சிஸ்ட் என்று பெயர். மெல்லும்போது அழுத்தம் பட்டு அதில் ரத்தமும் கலந்தால் நிறம் நீலமாகவோ ஊதாவாகவோ மாறுகிறது. அப்போது எரப்ஷன் ஹீமடோமா என்கிறார்கள். முதல் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் 13 முதல் 19 மாதங்களுக்குள் வருவதால், இடமும் வயதும் பொருந்தியிருந்தன. எக்ஸ்ரே, ஆன்டிபயாடிக் எதுவும் தேவைப்படவில்லை. கிருமித்தொற்று, கடும் வலி, பல் வருவதில் தடை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால்தான் மருத்துவர் கீறிவிடுவார் என்றும், வீட்டில் ஊசி வைப்பது நல்ல ஈறில் தொற்றை உண்டாக்கும் என்றும் அவர் சொன்னதை அத்தையிடம் அப்படியே எடுத்துச் சொன்னேன், அவரும் ஏற்றுக்கொண்டார்.

ஜெல்லைக் காட்டியபோது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஈறில் தடவுவது எச்சிலோடு தொண்டைக்குள் போய்விடும். மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பும் இதயக் கோளாறும் வரக்கூடும் என்பதால், பல் முளைக்கும் வலிக்கு லிக்னோகெய்னைத் தரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இலேயே எச்சரித்திருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அதேபோல் மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்னும் கூடாது என்று 2018-இல் அதே அமைப்பு அறிவித்தது.

அதன் பிறகு செய்ததெல்லாம் எளியவை. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைக் கடிக்கக் கொடுத்தோம். ஆறிய தயிர் சாதத்தைக் குழைத்து ஊட்டினோம். பச்சை கேரட் துண்டைக் கையில் கொடுக்கும் வழக்கத்தைத் தவிர்த்தோம், ஏனெனில் அது உடைந்து மூச்சுக்குழலில் அடைக்கலாம். வலியால் தூங்காத இரவுக்கென்று மருத்துவர் எடைக்கேற்ப பாராசிட்டமால் அளவு எழுதித் தந்தார். ஒரு விஷயத்தைப் பெற்றோர் அவசியம் கவனிக்க வேண்டும்: நம் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது, சிரப்பிலோ ஐந்து மில்லியில் 120 அல்லது 250 மில்லிகிராம் இருக்கிறது. ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் ஆபத்து.

இடையில் ஒரு நாள் காய்ச்சல் 102 டிகிரியைத் தொட்டது. பல் காய்ச்சல்தான், தானே போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் பலரும் சொன்னார்கள். பல் முளைப்பதால் உடம்பு லேசாகச் சுடலாமே தவிர 100.4 டிகிரிக்கு மேல் போகாது, போனால் வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்று எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். சீழ், கன்னம் வீங்குதல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளாகக் குறித்துக்கொடுத்திருந்தார்கள். அன்றே குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோனோம். காதில் தொற்று இருப்பது தெரிந்து சிகிச்சை தொடங்கியது. பல்லின் மேல் பழியைப் போட்டு வீட்டிலேயே இருந்திருந்தால் அவள் வீணாகத் துன்பப்பட்டிருப்பாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் தலையணை உறையில் இளஞ்சிவப்பாக எச்சில் கறை தெரிந்தது. வாயைத் திறந்து பார்த்தால் வீக்கம் வற்றி, ஈறைக் கிழித்துக்கொண்டு பல்லின் ஒரு முனை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. கசிவு அதற்குள் நின்றிருந்தது. நீல நிறமும் விரைவில் மறைந்தது. வலப்பக்கக் கடைவாய்ப் பல் எந்த நிறமும் காட்டாமல் வந்து சேர்ந்தது. இப்போது அரிசி மணியளவு ஃபுளூரைடு பற்பசை வைத்துக் காலையும் இரவும் தேய்த்துவிடுகிறோம். இரண்டாம் கடைவாய்ப் பற்கள் இரண்டு வயதையொட்டி வரத் தொடங்கும்போது இதே வீக்கம் மீண்டும் தோன்றலாம் என்பதால், அன்று எடுத்த புகைப்படங்களை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிறேன்.