ராயபுரம் நாட்குறிப்பு: பேஸ், பெடல், விரல்

நவம்பர் 19, 2024, செவ்வாய்

காய்ச்சல் போய்விட்டது. கை இன்னும் மூடவில்லை. பல் தேய்ப்பதுகூட இடக்கையால்தான்.

நவம்பர் 21, வியாழன்

பேஸ் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தேன். இடக்கை பரவாயில்லை, ஃபிரெட்டை அழுத்த முடிகிறது. வலக்கையில் ஆள்காட்டி விரலும் ஓரளவு கேட்கிறது. நடுவிரல்தான். அடிக்கணு வீங்கி மினுமினுவென்று இருக்கிறது. ஏ ஸ்ட்ரிங்கில் ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி, நடு என்று மாற்றி மாற்றி மீட்டினால் ஒரு ஸ்வரம் கேட்கிறது, அடுத்தது எங்கோ பக்கத்து வீட்டில் கேட்கிறது.

டாக்டர் சொன்னது: சிக்குன்குன்யாவில் காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும், மூட்டுவலி சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாசக்கணக்கு. நான் எந்தக் கணக்கு என்று கேட்டேன். சிரித்தார்.

அம்மா நிலவேம்புக் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "மூக்கப் பிடிச்சினு குடிச்சிடு மே." குடித்தேன்.

நவம்பர் 23, சனி

டிரம்ஸ் அண்ணன் காசிமேட்டிலிருந்து வந்து ஒரு கம்ப்ரெஸர் பெடலைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மச்சானுடையது. "கிறிஸ்மஸ் வரிக்கும் நீயே வச்சிக்கோ தங்கச்சி. சின்ன சத்தத்த தூக்கும், பெரிய சத்தத்த அமுக்கும். உன் விரலுக்கு இதான் மருந்து."

அண்ணன் சொன்னதில் அமுக்குவதுதான் இதன் வேலை. சின்ன சத்தத்தை இது தொடுவதே இல்லை. ஒரு எல்லை இருக்கிறது, த்ரெஷோல்ட். அதைத் தாண்டி வருவதை மட்டும்தான் பிடிக்கும். ரேஷியோ 4:1 என்றால் எல்லைக்கு மேல் 12 டெசிபல் எகிறிய சத்தம் 3 டெசிபல்தான் எகிறி வெளியே வரும். பிறகு அவுட்புட் குமிழைத் திருகி மொத்தத்தையும் நாம்தான் தூக்குகிறோம். அப்போதுதான் சின்னது மேலே வருகிறது. இந்தப் பெடலில் த்ரெஷோல்டுக்குத் தனிக் குமிழ் இல்லை. எல்லை உள்ளே நிலையாக இருக்கிறது. இன்புட்டைக் கூட்டினால் என் சத்தம் அதை நோக்கி ஏறுகிறது.

மேலே ஒரு வரிசை சின்ன விளக்குகள், எவ்வளவு அமுக்குகிறது என்று காட்ட. ஆள்காட்டி விரலால் மீட்டினால் ஐந்து எரிகிறது. நடுவிரலால் மீட்டினால் ஒன்று.

ஸ்பீக்கரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். விளக்கில் ஐந்து, ஒன்று. ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

கிறிஸ்து அரசர் பெருவிழா. நான் வாசிக்கவில்லை, கீழே மக்களோடு உட்கார்ந்திருந்தேன். கீபோர்டு மாஸ்டர் இடக்கையாலேயே பேஸையும் வாசித்துவிட்டார். நன்றாகவே இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

மெல்லிய ஜி ஸ்ட்ரிங்கில் சுத்தமாக இருக்கிறது. தடித்த ஈ ஸ்ட்ரிங்குக்கு வந்தால் ஒரு கரகரப்பு. கம்பியா, ஜாக்கா, ஆம்பா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ரிலீஸ் குமிழ், பிடித்ததைப் பெடல் எவ்வளவு வேகமாக விட வேண்டும் என்று வைப்பது.

திறந்த ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ். ஒரு அதிர்வு முடிய ஏறக்குறைய 24 மில்லி செகண்டு ஆகும். பெடல் அதைவிட வேகமாகப் பிடித்துப் பிடித்து விட்டால், ஸ்வரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வதை விட்டுவிட்டு ஒவ்வொரு அதிர்வையும் தனித்தனியாக அமுக்கப் பார்க்கிறது. அலையின் வடிவமே கெட்டுப்போகிறது. ஜி 98 ஹெர்ட்ஸ், ஒரு அதிர்வுக்குப் பத்து மில்லி செகண்டுதான், அதனால் அங்கே தப்பிக்கிறது. ரிலீஸை நிதானமாக்கியதும் கரகரப்பு போய்விட்டது. கிட்டாருக்கு வைக்கிற மாதிரியே பேஸுக்கும் வைத்தால் இப்படித்தான் ஆகும். பேஸுக்கு அவசரம் ஆகாது.

அம்மாவின் தையல் மெஷின் மோட்டார் சத்தம் ஆம்பில் வருகிறது. ஸ்வரம் அடங்க அடங்கப் பெடல் பிடியைத் தளர்த்துகிறது, அந்த இடைவெளியில் 'ர்ர்ர்' என்று மோட்டார் மேலே எழும்புகிறது. பெடலை அணைத்தால் அவ்வளவு தெரிவதில்லை. அவுட்புட்டைக் கூட்டினால் வீட்டில் இருக்கிற எல்லாமும் சேர்ந்து கூடுகிறது.

அம்மா ஒன்றும் சொல்லாமல் மெஷினை நிறுத்திவிட்டு, ஊக்கு தைக்கிற கைவேலையை எடுத்துக்கொண்டாள். கிறிஸ்மஸ் ஜாக்கெட் எல்லாம் குவிந்து கிடக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

நடுவிரல்: ஒன்று.

நவம்பர் 30, சனி

புயல். காலையிலிருந்து நிற்காத மழை. விமான நிலையத்தையே மூடிவிட்டார்களாம். காசிமேட்டில் படகை எல்லாம் கட்டிப்போட்டாகிவிட்டது என்று அண்ணன் போன் செய்தார். தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை, இன்வெர்ட்டரில் ஒரு விளக்கும் ஃபேனும். அதில் ஆம்பைப் போட்டால் பெடல் இன்வெர்ட்டரின் இரைச்சலைத்தான் தூக்கிக் கொடுக்கிறது. 9 வோல்ட் பேட்டரியைப் போட்டு, ஹெட்போன் ஆம்பில் கேட்டேன். சுத்தம். இவ்வளவு சுத்தமாக என் பேஸை நான் கேட்டதே இல்லை.

இருட்டில் அந்த விளக்குகள் மட்டும். ஐந்து. ஒன்று. ஐந்து. ஒன்று. ஐந்து. அம்மா மெழுகுவத்தியோடு வந்து கொஞ்சநேரம் பார்த்தாள். "எது உன் விரலு, எது டப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

புயல் ராத்திரி பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்துவிட்டது. தண்ணீர் வடிகிறது. கோயிலுக்கு நடந்தே போனேன், பேஸைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு.

கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக்காலம், முதல் ஞாயிறு. வாசித்தேன்! இந்தக் காலத்தில் வாத்தியங்கள் அடங்கித்தான் இருக்க வேண்டும், அது என் விரலுக்கு வரம். நீண்ட ஸ்வரங்கள். ஒரு முறை மீட்டிவிட்டு நாலு எண்ணிக்கை வரை விட்டுவிடலாம். பெடல் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போகிறது, மூன்றாவது எண்ணிக்கையிலும் ஸ்வரம் நிற்கிறது. பெடல் இல்லாவிட்டால் பாடகர் குழுவுக்கு அடியில் மூழ்கியிருக்கும்.

உன்னதங்களிலே கீதம் கிறிஸ்மஸ் வரைக்கும் ஞாயிறு பூசையில் கிடையாது. எங்களுக்கு அது திரும்பி வருவது 24 ராத்திரி பூசையில்தான். மாஸ்டர் போட்டிருக்கிற மெட்டு நிமிஷத்துக்கு 132 தட்டில் ஓடுகிறது, பேஸுக்கு முழுக்க எட்டாம் ஸ்வரங்கள், தட்டுக்கு இரண்டு. செகண்டுக்கு நாலுக்கும் மேலே. இரண்டு விரலும் வேண்டும்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஒன்று. ஒரே ஒரு தடவை இரண்டு. அதை நம்பக்கூடாது.

டிசம்பர் 6, வெள்ளி

பெடலின் அட்டாக் குமிழ். மூன்று நாளாக வேறு நினைப்பே இல்லை.

சத்தம் எல்லையைத் தாண்டியதும் பெடல் உடனே பிடித்துவிடுவதில்லை. பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அட்டாக். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் இறங்குவதற்குள் ஒரு ஆள் குனிந்து ஓடிவிடுவானே, அப்படி ஸ்வரத்தின் முதல் 'டக்' மட்டும் தப்பித்து வெளியே ஓடிவிடும். முப்பது நாற்பது மில்லி செகண்டு விட்டால் பேஸ் உயிரோடு இருக்கிறது. விரல் கம்பியில் பட்டது தெரிகிறது. காலால் அடிக்கிற கிக் டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் தப்பித்து ஓடுவது என் விரலின் அடி. பெடல் தொடாத அடி. ஆள்காட்டியின் 'டக்' ஓடுகிறது, நடுவிரலின் 'டக்' ஓட ஒன்றுமே இல்லை. பின்னால் வருகிற உடம்பு இரண்டுக்கும் ஒரே அளவு, முகம் மட்டும் வேறு வேறு. வலுத்தது, மெலிந்தது, வலுத்தது, மெலிந்தது. கேட்டால் நொண்டுகிறது.

அட்டாக்கை வேகமாக்கினால் முகமும் சமமாகிவிடுகிறது. ஆனால் இரண்டுமே செத்துப்போகின்றன. போர்வைக்குள் இருந்து வாசிப்பதாகக் கேட்கிறது. கிக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

1176 என்ற ஸ்டுடியோ கம்ப்ரெஸரைப் பற்றிப் படித்தேன். 1960-களில் வந்தது, எஃப்.ஈ.டி. என்கிற டிரான்ஸிஸ்டர் வகை. அதன் அட்டாக் 20 மைக்ரோ செகண்டிலிருந்து 800 மைக்ரோ செகண்டு வரை. மில்லி இல்லை, மைக்ரோ. குமிழை வலப்பக்கம் திருகினால் இன்னும் வேகம். அதே காலத்து எல்.ஏ.-2ஏ வேறு குணம்: உள்ளே ஒரு வெளிச்சம், அதைப் பார்க்கிற ஒரு ஒளி உணரி, சத்தம் ஏறினால் வெளிச்சம் ஏறும். பிடிக்கச் சராசரி பத்து மில்லி செகண்டு. விடும்போது பாதியைச் சட்டென்று விட்டு மீதியை நிதானமாக விடும். எவ்வளவு அழகான யோசனை! ஆனால் எந்தப் பெட்டியும் மெலிந்த விரலுக்கு ஒரு 'டக்' செய்து தராது. இல்லாத அடியைச் செய்து கொடுக்கிற குமிழ் எதிலும் இல்லை.

ராத்திரி கை எரிகிறது. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் அதிர்கிறது, தூக்கமும் இல்லை.

டிசம்பர் 7, சனி

மாஸ்டரிடம் கையைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "ஜேமர்சன் எத்தினி விரல்ல வாசிச்சாருன்னு தெரியுமா?" என்றார்.

தெரியும். எப்போதோ படித்தது, ஆனால் என் கையோடு சேர்த்து யோசித்ததே இல்லை. ஜேம்ஸ் ஜேமர்சன், டெட்ராயிட், மோடவுன் பாட்டுகளின் பேஸ். வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று. அதற்கு 'கொக்கி' என்று பெயரே உண்டு. 1962 ஃபெண்டர் பிரிஸிஷன் பேஸ், ஃபிளாட்வவுண்ட் என்கிற வழவழப்பான கம்பி, கம்பியைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம். அந்த ஓட்டமெல்லாம் ஒற்றை விரலில்.

"ஒரே விரல்னா ஒரே குரல் மா. சமம் பண்றதுக்கே பாதி வேலை இல்ல. அப்புறம் பெடலுக்கு இன்னா வேலை? கொஞ்சமா தொட்டா போதும்."

வீட்டுக்கு வந்து ஆள்காட்டியால் மட்டும் மீட்டினேன். நாலு, ஐந்து, நாலு, நாலு, ஐந்து. இன்புட்டைக் குறைத்தேன். இரண்டு, இரண்டு, மூன்று. அட்டாக்கை நிதானத்துக்கே திருப்பினேன். முகம் வந்தது.

முகம் வந்தது!

டிசம்பர் 10, செவ்வாய்

ஒற்றை விரலில் 132 நாலு வரிக்கு மேல் தாங்கவில்லை. ஆள்காட்டி விரலும் இப்போது வலிக்க ஆரம்பிக்கிறது. எல்லாம் அதன் தலையிலேயே விழுந்தால்?

பெடலைத் திருப்பிக் கொடுத்துவிடத் தோன்றுகிறது. மாஸ்டரின் இடக்கை இருக்கவே இருக்கிறது.

டிசம்பர் 11, புதன்

கொடுக்கவில்லை.

டிசம்பர் 14, சனி

24-க்கு வாடகைக்கு வருகிற சவுண்ட்காரர் இடத்தைப் பார்க்க வந்தார். பெடலைக் கண்டதும், "நானே போர்டுல கம்ப்ரெஸர் போட்றம்மா, நீ இத்த எட்த்துடு" என்றார்.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவருக்கு அதில் அக்கறை இல்லை. எனக்கு இருக்கிறது. என் 4:1-ஐத் தாண்டி வந்த சத்தம் அவருடைய 4:1-லும் எல்லை தாண்டினால் மொத்தம் 16:1. அது கம்ப்ரெஸர் இல்லை, சுவர். அழுத்தி வாசித்தாலும் மெல்ல வாசித்தாலும் ஒன்றே. பிறகு நான் எதற்கு?

கெஞ்சினேன். "அண்ணே, என்னோடது லேசாத்தான் தொடுது, நீங்க உச்சிய மட்டும் பிடிங்க." கடைசியில் சரி என்றார். அன்று ராத்திரி ஞாபகம் இருக்குமா என்று தெரியாது. எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஸ்பீக்கரில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

மூன்றாம் ஞாயிறு, ரோஜா நிற மெழுகுவத்தி. பூசைக்குப் பிறகு ஒரு பாட்டி வந்து, "நீ வாசிக்கிறது நெஞ்சுல வந்து குந்திச்சு மே" என்றார். என் முழங்கையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார். நான் அழுதுவிட்டேன், படிக்கட்டிலேயே.

டிசம்பர் 18, புதன்

நடுவிரல்: மூன்று.

இன்புட்டை மாற்றவில்லை. அட்டாக்கை மாற்றவில்லை. பேட்டரி புதிது. மூன்று.

டிசம்பர் 19, வியாழன்

இரண்டு.

டிசம்பர் 20, வெள்ளி

சாயந்திரம் மூன்று. காலையில் விறைப்பாக இருக்கிறது, பொழுது ஏற ஏற இளகுகிறது. பூசை நள்ளிரவில். நல்லதுதான், பகல் முழுக்க விரலுக்கு நேரம் இருக்கிறது. வெந்நீரில் ஊறவைக்கிறேன்.

இப்போது இப்படிச் செய்கிறேன்: வீட்டில் பெடலின் வெளிச்சத்தம் எதையும் கேட்பதில்லை. ஆம்பை அணைத்துவிட்டு விளக்கைப் பார்த்து மட்டும் மீட்டுகிறேன். மறைப்பது சத்தத்தில்தான், விளக்கில் அது மறைப்பதில்லை. அம்மா கேட்டாளே, எது விரல் எது டப்பா என்று, பக்கத்தில் அழைத்துக் காட்டினேன்: "இந்த மூணு விளக்கு நானு. காதுல வர்றது நாங்க ரெண்டு பேரும்." "அப்ப மிஷின் ஓட்டலாமா?" என்றாள். ஓட்டச் சொன்னேன். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஜாக்கெட் தைத்தாள், நான் பக்கத்தில் சத்தமில்லாமல் உன்னதங்களிலே.

டிசம்பர் 22, ஞாயிறு

ஒத்திகை. வசனங்களுக்கு ஒற்றை விரல், பல்லவிக்கு இரண்டும். பல்லவி எட்டுத் தாளச் சுற்றுதான், நடுவிரல் தாங்குகிறது. கொஞ்சம் நொண்டுகிறது, ஆனால் அந்த இடத்தில் டிரம்ஸ் அண்ணன் ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டைத் திறந்துவிடுகிறார், எனக்காகத்தான். கேட்கவில்லை, அவராகவே. ரேஷியோ 4-லேயே இருக்கட்டும். பல்லவியில் கூட்டலாமா என்று யோசித்தேன், காலால் குமிழைத் திருக முடியாது.

டிசம்பர் 23, திங்கள்

பேட்டரி இரண்டு. சவுண்ட்காரருக்குச் சீட்டு. வெந்நீர் பிளாஸ்க். பெடலில் குமிழ்களின் நிலையைப் பென்சிலால் குறித்தாகிவிட்டது.

மாஸ்டர் இப்போதுதான் போன் செய்தார், பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு வேகம் பிடித்துவிட்டதாம், 138-ல் வைத்துக்கொள்ளலாமா என்கிறார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். காலையில் முதல் வேலையாக அவர் வீட்டுக்கே போய் 132 என்று சொல்ல வேண்டும். இன்று ராத்திரி 138-ல் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.