10-க்கு 12 ரூமுக்கு எத்தனை லிட்டர்?

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் முன் ரூம் 10-க்கு 12, உயரம் 10 அடி. கட்டிய நாளிலிருந்து அது வளரவும் இல்லை, இளைக்கவும் இல்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு நாத்தனார் குடும்பம் வருவதற்குள் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று பேச்செடுத்ததும், அதே ரூம் ஆளுக்கொரு அளவாகிவிட்டது.

மேஸ்திரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தார். "12 லிட்டர் ஆகுமுங்க."

"டேப் வச்சுப் பாக்க வேண்டாங்களா?"

"கண்ணே டேப்புதானுங்க."

பெயிண்ட் பக்கெட்டுக்குள் பெயிண்டர் காசாக்கிக்கொள்ள டோக்கன் போட்டு வருவது ஊரறிந்த விஷயம். அந்த 12-இல் சுவருக்கு எத்தனை, டோக்கனுக்கு எத்தனை என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.

மாமனார் காலமெல்லாம் தறியில் உட்கார்ந்தவர். முழம் போட்டுத்தான் அளந்தார். அவருக்குக் கை நீளம். 12 அடிச் சுவர் 7 முழத்திலேயே முடிந்துபோனது. முழத்துக்கு ஒன்றரை அடி என்று பெருக்கினால் பத்தரை அடி! "6 லிட்டர் தாராளம். மேஸ்திரி ஏமாத்தறான்" என்றார்.

பிளஸ் டூ படிக்கும் மகன்தான் முறைப்படி போட்டான். நான்கு சுவரும் சுற்றி 44 அடி, உயரம் 10, ஆக 440 சதுர அடி. 7-க்கு 3 கதவும் 4-க்கு 4 ஜன்னலும் போனால் 403. சீலிங்குக்கு வெள்ளை தனி. நாங்கள் பார்த்து வைத்த எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வரும். நடுவாக 55 வைத்தால் 7.3 லிட்டர்.

"அந்தப் புள்ளி மூணைக் கடையில என்னன்னுடா கேக்கறது?" என்றார் மாமனார்.

செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர், "10 லிட்டர் பக்கெட்டாவே எடுத்துக்கங்க. மிஷின்ல கலர் கலந்துட்டா மிச்சத்தத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். திரும்ப எடுக்க மாட்டார்களாம், அதனால் கூடுதலாக வாங்க வேண்டுமாம்! என் வீட்டுக்காரர் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் 4 லிட்டர் டின் இரண்டு வாங்கி வந்தார்.

பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, முதல் கோட் முடிந்து, இரண்டாவது கோட்டில் கடைசிச் சுவரின் ஓரத்தில் பெயிண்ட் தீர்ந்தது. மகன் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மாமனார் ஒன்றும் பேசாமல் டீக்கடைக்குப் போய்விட்டார். அதே நம்பர் சொல்லி இன்னொரு லிட்டர் கலந்து வாங்கினோம். காய்ந்ததும் பார்த்தால் பழசு இளம் பச்சை, புதுசு கொஞ்சம் பாசிப் பச்சை. பீரோவை நகர்த்தி அந்த ஓரத்தை மறைத்தோம்.

கூலிக் கணக்கு அன்றைக்குத்தான் மேஸ்திரியிடம் டேப் இருப்பதே தெரிந்தது. கதவு, ஜன்னலைக் கழிக்கவில்லை. "ஓரம் பாத்து அடிக்கறதுதானுங்க கஷ்டமே." பாத்திரம் அடுக்கும் சிமெண்ட் ஷெல்ஃப் நாலு பலகை, ஒவ்வொன்றும் 4-க்கு ஒன்றரை அடி, மேல் கீழ் இரண்டு பக்கமும் சேர்த்து 48 சதுர அடி. லாஃப்ட்டின் அடிப்பக்கம் 20. மகன் சட்டென்று கூட்டினான்: 403-உடன் 68 சேர்ந்தால் 471. அதை 55-ஆல் வகுத்தால் எட்டரைக்குக் கொஞ்சம் மேல். பெயிண்ட் போன இடம் தெரிந்துவிட்டது.

"இதையெல்லாம் அன்னைக்கே அளந்திருக்கலாமில்லீங்க?"

"அது பெயிண்ட் கணக்குங்க. இது கூலிக் கணக்கு" என்றவர் ஏணியை இழுத்துப் போட்டு லாஃப்ட்டின் மேல்பக்கத்தையும் அளக்க ஏறினார்.