138 மணி நேரம் 86 ஆன கதை: பைலட் லைசென்ஸ் மாற்றிய அனுபவம்

என் அப்பா பேரணாம்பட்டில் ஒரு தோல் மண்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். விமானத்தில் ஏறியதில்லை. நான் அமெரிக்காவில் பயிற்சி முடித்து அந்த நாட்டு விமானத் துறையான எஃப்ஏஏவின் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கியதும், "நீ பறந்த கணக்குப் புத்தகத்தைப் படம் புடிச்சு அனுப்புப்பா, பார்க்கணும்" என்றார். நிலம் விற்ற பணம் என்னவாக ஆகியிருக்கிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. லாக்புக் முழுவதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். காட்பாடி வீட்டில் எல்லாப் பக்கங்களையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, அடிக்கோலை வரி வரியாக நகர்த்தி, பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போயிருக்கிறார். இரண்டு நாள் கழித்து போன் வந்தது.

"ஒரே 1.4 மணி நேரம் ரெண்டு கட்டத்துல இருக்குதே. ஒண்ணுல நீயே கேப்டன்னு இருக்கு, இன்னொண்ணுல வாத்தியார் கத்துக்குடுத்ததுன்னு இருக்கு. எதுப்பா நெஜம்?"

அமெரிக்காவில் இரண்டுமே சரி. பிரைவேட் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு, பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்திருந்தாலும், விமானத்தை நான் மட்டுமே ஓட்டினால் அந்த நேரத்தை பைலட்-இன்-கமாண்ட், அதாவது பிஐசி கணக்கில் எழுதிக்கொள்ள அங்கே விதி உண்டு. ஆனால் அந்த லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்றித் தர வேண்டிய நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு, அதாவது டிஜிசிஏவுக்கு, அது வாத்தியாரோடு பறந்த டூயல் நேரம் மட்டும்தான். நண்பன் வெளியே தெரியாதபடி கண்ணுக்கு ஹூட் போட்டு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகும்போது, அவனுக்காக வெளியே பார்க்கும் சேஃப்டி பைலட்டாக உட்கார்ந்த நேரமும் இங்கே செல்லாது. என் பிஐசி கட்டத்தில் 138 மணி நேரம் இருந்தது. வாத்தியாரோடு பறந்த 43 போச்சு. சேஃப்டி பைலட் 9 போச்சு. மிச்சம் 86. டிஜிசிஏ கேட்பது 100.

விசா முடிய அப்போது ஆறு வாரம் இருந்தது. அந்த போன் வராமல் ஊர் திரும்பியிருந்தால், 14 மணி நேரத்துக்காக மறுபடி விசா, டிக்கெட், வாடகை விமானம் என்று அலைந்திருப்பேன். ஒரு செஸ்னா 152ஐ வாடகைக்கு எடுத்து, தனியாளாக 16 மணி நேரம் பறந்து முடித்தேன். வெளிநாட்டில் பயிற்சியில் இருப்பவர்களை நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான்: கிளம்பும் முன் லாக்புக்கை இந்தியக் கண்ணால் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். மொத்தம் 200 மணி, பிஐசி 100, அதில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறக்கும் கிராஸ் கன்ட்ரி 50, 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத ஒரு நீண்ட பயணம், இரவில் 5 மணி நேரமும் 10 டேக்-ஆஃப், லேண்டிங்கும். விமானத்தை ஓட்டிக் காட்டும் ஸ்கில் டெஸ்ட் ஆறு மாதத்துக்குள் முடித்ததாக இருக்க வேண்டும் என்பதால், ஊருக்கு வந்த பிறகு ஒவ்வொரு வாரத் தாமதமும் வலிக்கும்.

எனக்கு அந்தத் தாமதம் இனிஷியலில் வந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அதே எழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. அமெரிக்க லைசென்ஸ் பாஸ்போர்ட்டைப் பார்த்து அச்சானது. நம் ஊரில் யாருக்கும் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் டிஜிசிஏ தேர்வு எழுதத் தேவையான பதிவு எண்ணான கம்ப்யூட்டர் நம்பருக்கு விண்ணப்பித்தபோது, இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சத்துவாச்சாரி கோர்ட் வாசலில் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி, நோட்டரியிடம் அஃபிடவிட் போட்டு, மார்க் ஷீட் உண்மைத்தன்மைச் சான்றையும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். ஐந்து வாரம் அதிலேயே போனது. பயிற்சிக்குப் போகும் முன்பே கம்ப்யூட்டர் நம்பர் வாங்கி வைத்திருக்கலாம். பைலட்டுக்கான உடல்தகுதிச் சோதனையான கிளாஸ் 1 மெடிக்கலை மட்டும் முதலிலேயே பெங்களூரு ஏரோஸ்பேஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட்டில் முடித்திருந்தேன். அந்தப் புத்தி இதிலும் இருந்திருக்க வேண்டும்.

தேர்வு பரவாயில்லை. வெளிநாட்டு லைசென்ஸ் இருப்பவர்களுக்கு நேவிகேஷனும் வானிலையும் சேர்ந்த காம்போசிட் பேப்பர் ஒன்று, விமான விதிகளுக்கான ஏர் ரெகுலேஷன்ஸ் ஒன்று. இரண்டிலும் 70 சதவீதம் வேண்டும். ரெகுலேஷன்ஸைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். அமெரிக்காவில் இரவில் விஎஃப்ஆரில், அதாவது வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் விதியில், சாதாரணமாகப் பறந்து பழகியவனுக்கு, இங்கே பொதுவாக அது கிடையாது என்பதே புதுப் பாடம்.

விமானத்தில் ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வுதான் என்னைப் படுத்தியது. நான் எழுதியபோது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தியது. பாரதிய வாயுயான் அதினியம் என்ற புதிய விமானச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு அந்தப் பொறுப்பு டிஜிசிஏவுக்கு மாறிவிட்டது. எனக்கு முன்பே லைசென்ஸ் மாற்றிய குடியாத்தத்து அண்ணன் ஒருவர் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு போனில் கன்ட்ரோல் டவராக நடித்துப் பேசுவார். நான் பகல் சூடு ஆறாத மொட்டை மாடியில், மேப்பை விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வைத்துக்கொண்டு பேசுவேன். அலைவரிசை சொல்லும்போது வாயில் "பாயின்ட்" என்றே வரும். "டெசிமல்னு சொல்லு தம்பி" என்று நிறுத்துவார். அங்கே அழுத்தத்தை அங்குலத்தில் 29.92 என்று கேட்டுப் பழகிய காதுக்கு, இங்கே 1013 ஹெக்டோபாஸ்கல். எஞ்சின் ஸ்டார்ட் முதல் பார்க்கிங் வரை ஒரு பயணம் முழுவதையும் பேசி முடிக்க வேண்டும், நடுவில் எங்காவது ஒரு மேடே, அதாவது ஆபத்துக் குரல். முதல் தடவை பதற்றத்தில் இடத்தைச் சொல்லாமலே மேடே கூப்பிட்டுத் தோற்றேன். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் யார் வந்து காப்பாற்றுவார்கள்? அண்ணன் திட்டவில்லை. மறுநாளும் எட்டு மணிக்கு போன் வந்தது. இரண்டாம் தடவை பாஸ்.

அப்புறம் டிஜிசிஏவின் இணையதளமான இ-ஜிசிஏவில் எல்லாவற்றையும் ஏற்றினேன். லாக்புக்கிலிருந்து டிஜிசிஏ முறைப்படி பிரித்தெழுதிய மணிக்கணக்கை அப்பாதான் கூட்டிச் சரிபார்த்தார். என் லைசென்ஸ் உண்மையானதுதான் என்று ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்ஏஏ அலுவலகம் உறுதி செய்ய வேண்டும். அதற்கான கோரிக்கையை நாம்தான் அனுப்ப வேண்டும், தானாக நடக்காது.

லைசென்ஸ் வழங்கப்பட்டதாக மெசேஜ் வந்தபோது காட்பாடி ஜங்ஷனில் நின்றிருந்தேன். உடனே வீட்டுக்கு போன் போட்டேன். அப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பேரு சரியா போட்டிருக்காங்களா, பாத்தியா?"

"பாத்துட்டேன்பா. உங்க பேரும் முழுசா இருக்கு."