பழைய கைபேசியும் ஒரு சிறிய கேமராவும் சேர்ந்து சென்ற மலைப்பயணம்

இந்த மலைப்பயணத்துக்குக் கிளம்புவதற்கு முன்பு, பழைய கைபேசியை மாற்றிவிட்டு நல்ல கேமரா உள்ள புதியதாக ஒன்றை வாங்கிக்கொள்ளும்படி நண்பர்கள் வற்புறுத்தினார்கள். பல ஆண்டுகளாக என்னுடன் இருக்கும் அந்தக் கைபேசியில் அழைப்புகள், செய்திகள், வரைபடம், பயணச்சீட்டு எல்லாமே தடையின்றி நடக்கின்றன. தொலைவில் இருப்பவற்றைப் படமெடுக்க முடியாது என்பது மட்டும்தான் எனக்கிருந்த குறை. அந்த ஒன்றுக்காக, நன்றாக உழைக்கும் கருவியை ஒதுக்கிவைக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே, 30 மடங்கு ஜூம் கொண்ட, மேல்சட்டைப் பையில் அடங்கக்கூடிய காம்பாக்ட் கேமரா ஒன்றை, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியதாகப் பார்த்து வாங்கினேன். இத்தகைய கேமராக்கள் இன்று அதிகம் தயாரிக்கப்படுவதில்லை. கேமரா உற்பத்தியாளர்களின் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-இல் 10 கோடிக்கும் மேற்பட்ட காம்பாக்ட் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023-இல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆனால் அன்று விற்றவற்றில் நல்ல நிலையில் உள்ளவை இன்னும் பலரது அலமாரிகளில் உறங்கிக்கொண்டிருக்கின்றன.

கேமராவின் அருமை முதலில் புரிந்தது மலையடிவாரத்து ஏரிக்கரையில்தான். நீரின் நடுவே பட்டுப்போன மரமொன்றில் நீர்க்காகங்கள் சிறகுகளை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. கைபேசியில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது பறவைகள் இருந்த இடத்தில் கறுப்புத் திட்டுகளே தெரிந்தன. காரணம் எளிமையானது. என் கைபேசியில் இருப்பது ஒரே ஒரு லென்ஸ். அதனால் அதன் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்குவதே. நீளத்திலும் அகலத்திலும் பத்தில் ஒரு பங்கை எடுத்தால், பரப்பில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அதாவது 1.2 கோடி பிக்சல்களில் 1.2 லட்சம் மட்டுமே அந்தப் பறவையைச் சொல்ல எஞ்சுகின்றன. மற்றதெல்லாம் மென்பொருள் இட்டு நிரப்புவது. காம்பாக்ட் கேமராவிலோ கண்ணாடி வில்லைகளே நகர்ந்து காட்சியைப் பெரிதாக்குவதால், ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரின் எல்லாப் பிக்சல்களும் பறவைக்கே கிடைக்கின்றன. கரைவேலியின் மீது முழங்கைகளை ஊன்றிக்கொண்டு எடுத்த படத்தில், நீர்க்காகத்தின் பச்சைக் கண்ணும் அலகின் வளைந்த நுனியும் தெளிவாகப் பதிந்திருந்தன. புதிய கைபேசிகள் சிலவற்றில் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு லென்ஸ்கள் உண்மையாகவே தனியாக இருக்கின்றன என்பதும் உண்மைதான். ஆனால் அந்த அளவுக்கு மேல் போனால் அவையும் வெட்டிப் பெரிதாக்கவே வேண்டியிருக்கிறது.

அதற்காகக் கேமராதான் எல்லாவற்றிலும் மேல் என்று சொல்லிவிட முடியாது. மறுநாள் அடர்ந்த காட்டுப்பாதையில் நடந்தபோது கைபேசியே பெரும்பாலும் என் கையில் இருந்தது. மரக்கூரையின் இடைவெளிகளில் வெயில் கொளுத்த, கீழே பாசி படர்ந்த பாறைகள் இருளில் கிடக்கும் அத்தகைய இடங்களில், காம்பாக்ட் கேமரா ஒன்று வானத்தை வெளுக்கவைக்கும், அல்லது பாறைகளைக் கரியாக்கிவிடும். கைபேசியோ பொத்தானை ஒருமுறை தொட்டாலே பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்து தருகிறது. அந்தி வேளையிலும் அப்படித்தான். லென்ஸ் துளையைக் குறிக்கும் எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். என் கைபேசியின் லென்ஸ் துளை எஃப் 1.8, கேமராவின் ஜூமை முழுதும் நீட்டினால் அதன் துளை எஃப் 6.4 ஆகச் சுருங்கி, ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு வெளிச்சமே உள்ளே வருகிறது. என்னுடையது போன்ற பயண ஜூம் கேமராக்களின் சென்சார் சுமார் 6 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. கேமரா என்ற பெயருக்காக அது பெரியதாக இருக்கும் என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். பெயரளவில் மட்டும் 'ஒரு அங்குல வகை' எனப்படும், 13 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் கொண்ட சென்சார்கள் வேறு. 2012-இல் சோனி அதைச் சட்டைப்பைக் கேமராவில் வைத்தபோது பெரிய பாய்ச்சலாக இருந்தது. ஆனால் அந்த வகையில் முப்பது மடங்கு ஜூமைப் பையில் அடங்கும் அளவில் செய்ய இயலாது. என்னைக் கேட்டால், மனிதர்களையும் விரிந்த நிலக்காட்சிகளையும் மட்டும் எடுப்பவர்களுக்குத் தனிக் கேமரா தேவையே இல்லை. பறவை, மலைமுகட்டின் விளிம்பு, கோபுர உச்சியின் சிற்பம் என்று எட்டாதவற்றின் மீது ஆசை கொண்டவர்களுக்கு மட்டுமே அது தேவை.

தனிக் கேமராவால் கைபேசிக்குக் கிடைத்த ஓய்வுதான் இந்தப் பயணத்தில் நான் மிகவும் மதித்த பலன். படமெடுக்கும்போது திரை, சென்சார், செயலி மூன்றும் ஒருசேர உழைப்பதால், பழைய பேட்டரியை அதுவே வேகமாகக் காலிசெய்கிறது. கிளம்பும் முன்பே பேட்டரியைப் புதிதாக மாற்றிக்கொண்டேன். பழைய கைபேசிக்குச் செய்யக்கூடிய செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. லித்தியம் அயனி பேட்டரி சில நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கப்பட்ட பின் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு, அதன் பின் கைபேசி மந்தமாவதையும் திடீரென அணைவதையும் கருவியின் முதுமை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மேலே பனி விழும் உயரத்தில் கைபேசியை உடலை ஒட்டிய உள்பையில் வைத்திருந்தேன். குளிரில் பேட்டரியின் உள்தடை கூடுவதால் மின்னழுத்தம் சரிந்து, மீதி இருந்தும் அணைந்துவிடும். உடற்சூட்டில் மீண்டும் உயிர்பெறும். ஆனால் உறைநிலைக்குக் கீழே மின்னேற்றம் செய்வது நிரந்தரச் சேதம் தரும் என்பதால், அறைக்குத் திரும்பிச் சூடான பிறகே ஏற்றினேன்.

சிக்னல் அற்ற பள்ளத்தாக்குகளில் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டேன். கைபேசிக் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துபோவதை அது தடுக்கிறது. அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஏனெனில் செயற்கைக்கோள் அனுப்புவதைக் கைபேசி கேட்டுக்கொள்கிறதே தவிர, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. அந்தச் சமிக்ஞையில் தகவல் விநாடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில்தான் வருகிறது. இணைய உதவியின்றி முதல்முறை இடத்தைக் கண்டறியச் சற்றுப் பொறுமை வேண்டும். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்ததால் ஒற்றையடிப் பாதைகளும்கூடத் திரையில் இருந்தன. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவது நின்றுவிட்ட கைபேசி என்பதால் பணப் பரிமாற்றச் செயலிகளை அதிலிருந்து நீக்கியிருந்தேன். இதில் மட்டும் யாரும் சமரசம் செய்துகொள்ளக் கூடாது. மோட்டார் சைக்கிளில் சென்ற பகுதியில், அதைக் கைப்பிடியில் மாட்டாமல் பையிலேயே வைத்தேன். எஞ்சின் அதிர்வு, கைபேசி லென்ஸின் நடுக்கத் தடுப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

கேமராவுக்கும் பலவீனம் உண்டு. நீண்டு சுருங்கும் லென்ஸ் குழல் தன்னோடு தூசியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சென்சாரில் தூசி படிந்துவிட்டால் பிரிக்காமல் துடைக்க வழியில்லை. மண்பாதைகளில் அதை வாய் இறுக்கிய பையை விட்டு எடுக்கவே இல்லை.

இரண்டு கருவிகளின் படங்களையும் ஒரே வரிசையில் அடுக்குவதற்கு நேரம் ஒத்திருக்க வேண்டும். கேமராவின் கடிகாரம் தானாகத் திருத்திக்கொள்ளாது. அதனால் ஒவ்வொரு நாள் காலையிலும் கைபேசித் திரையில் விநாடியோடு ஓடும் கடிகாரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுத்துவிடுவேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே பதிவாகிவிடும். நடக்கும் வழியைக் கைபேசி, இடத்தையும் நேரத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேமித்துக்கொண்டே வரும். வீடு திரும்பியதும் டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைக் கொடுத்து, நேர வித்தியாசத்தையும் குறிப்பிட்டால், ஜிபிஎஸ் இல்லாத கேமரா எடுத்த படங்களிலும் எடுத்த இடம் பதிந்துவிடுகிறது. ஏரியின் நீர்க்காகங்களும் முகட்டுப் படங்களும் இப்போது வரைபடத்தில் அவற்றுக்குரிய புள்ளிகளில் இருக்கின்றன. ஜிபிஎக்ஸ் பதிவு ஓடிக்கொண்டிருந்தபோதும் மாலையில் கைபேசியில் பாதிக்கு மேல் மின்சாரம் மிஞ்சியிருந்தது.