காரப்பொடியும் பைண்டு புத்தகமும்

கடலூர் என்றால் சில்வர் பீச், புதுச்சேரி என்றால் ராக் பீச் என்று போகிறவர்கள் போகட்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் வேறு ரூட். காலையில் கடலூர் முதுநகர் துறைமுகம், மதியத்துக்கு மேல் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்.

இந்த முறை போனது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வஞ்சிரம் விலையைக் கேட்டவர்கள் அப்படியே நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஃபைபர் படகுகள் கரையோரம் போய்வரலாம் என்பதால் காரப்பொடி மீன் மட்டும் கூறு கூறாகக் கிடந்தது. "இதுவா தம்பி? வெறும் முள்ளு" என்றார், விற்கிற அம்மாவே. அப்படியும் ஒரு வியாபாரம்!

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் தட்டை மீன். மேலெல்லாம் வெள்ளி மினுக்கு. வாயை மெல்ல இழுத்தால் முன்னால் நீண்டு வரும். அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு. உணவுக்குழாயைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியாவைக் குடிவைத்திருக்கிற மீன் இது என்று அத்தையிடம் சொன்னேன். "சரி சரி, முதல்ல உரசு" என்று கல்லுப்பை நீட்டினார். மண்சட்டியில் போட்டு நன்றாக உரசினால்தான் அந்தக் கொழகொழப்பு போகும். அப்புறம் மாங்காய் போட்டுக் குழம்பு. முள் எடுக்கவே நேரம் சரியாக இருக்கும், வாய்ப்பேச்சுக்கு இடமில்லை. வஞ்சிரத் துண்டில் இந்த ருசி கிடையாது என்பது என் கட்சி.

சாப்பிட்ட கையோடு பஸ். சண்டே மார்க்கெட்டில் துணி, செருப்பு, பாத்திரமெல்லாம் தாண்டினால் தார்ப்பாயில் பழைய புத்தகங்கள். போட்டித்தேர்வு கைடுகளுக்குத்தான் கிராக்கி. நான் குடைவது அடியில் கிடக்கும் பைண்டுகளை. வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு வைத்த வீடுகள் ஒரு காலத்தில் எத்தனை! அச்சுப் புத்தகமாக வாங்கினால் கதை மட்டும்தான். பைண்டில் ஓவியரின் படம் இருக்கும். பக்கத்தைத் திருப்பினால் பாதி ஜோக், தலைவலி மாத்திரை விளம்பரம், முடிவு எங்கோ போய்விட்ட சிறுகதை ஒன்று. ஓரம் வெட்டிய பைண்டர் சில வரிகளின் கடைசி எழுத்தையும் சேர்த்தே வெட்டியிருப்பார். நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்குக் கிடைத்தது ஒரு குடும்பக் கதையின் முதல் பாதி. மீதி உண்டா என்று கேட்டேன். "அதே வீட்டுச் சாமான்தான், இன்னும் ரெண்டு மூட்டை பிரிக்கல. அடுத்த ஞாயிறு வாங்க, இருந்தா இருக்கும்" என்றார் கடைக்காரர். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன்.