அரசனுக்குக் கடன் கொடுத்தவன்

வவுனியாவில் ஒரு நொத்தாரிசுவிடம் முப்பது வருடம் காணி உறுதி எழுதினேன். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வரலாற்றுப் புத்தகம் எடுத்தால் போர்ப் பக்கங்களைத் தட்டிவிட்டு, யார் யாருக்கு எந்தக் காணியை எழுதினான் என்றுதான் தேடுகிறேன்.

ஹங்கேரியின் யானோஷ் ஹுன்யாடியை அப்படித்தான் பிடித்தேன். துருக்கியரோடு மோதிய தளபதி என்றுதான் எல்லோரும் அவனைச் சொல்வார்கள். எனக்கு அவனுடைய உறுதிகள்தான் ருசி.

முதல் உறுதி தகப்பனுடையது. இன்றைய ருமேனியாவின் தெற்குப் பகுதியான வாலாக்கியாவிலிருந்து வந்து ஹங்கேரி அரசன் சிகிஸ்முண்டின் அவையில் சேவகம் செய்த வொய்க் என்பவனுக்கு, 1409இல் ஹுன்யாட் கோட்டையும் காணியும் கிடைத்தன. அதில் சின்னப் பையனான யானோஷின் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள். மகனையும் சேர்த்து எழுதுவிக்கிற தகப்பன் கெட்டிக்காரன்.

மகன் பல பிரபுக்களிடம் நின்றான். பிறகு அரசனின் பரிவாரத்தோடு இத்தாலி போய், மிலான் கோமகனிடம் இரண்டு வருடம் சம்பளத்துக்குப் போர் செய்தான். கையில் காசு சேர்ந்தது அங்கேதான் என்பது என் ஊகம். ஏனென்றால் 1434 ஜனவரியில் ஒரு விசித்திரமான காரியம் நடக்கிறது. சிகிஸ்முண்ட் ஏழு மாதம் முன்புதான் ரோமில் பேரரசனாக முடிசூடியவன். அவன் இந்தச் சேவகனிடம் 1,200 பொற்காசு கடன் வாங்கி, பாபி என்ற சந்தை ஊரை அடகு வைக்கிறான். நடந்த இடம் பாசல். ஆம், நம்மவர்கள் இருந்து காசு அனுப்புகிற இன்றைய சுவிஸில்தான்!

நாங்கள் ஒற்றி என்று எழுதுவதற்குக் கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. கடன் திரும்பும்வரை காணி கடன் கொடுத்தவன் கையில். வட்டிக்குப் பதில் அதன் வரும்படி. எங்கள் அப்பு கனகராயன்குளத்தில் இரண்டு ஏக்கர் வயலை அப்படி வைத்தார். ஒற்றி பிடித்தவர் முதலில் படலையில் நின்று கதைத்தவர். நாலு போகம் போக விறாந்தையில் கதிரையில் இருந்தார்; அப்பு நின்று கதைத்தார். வயல் மீளவேயில்லை. இடப்பெயர்வில் உறுதிப்பையைத் தோளில் கொண்டு திரிந்தபோதும் அந்த ஒற்றி உறுதி அதற்குள் இருந்தது.

சரி, ஹுன்யாடிக்கு வருவோம். அடுத்தடுத்த அரசர்களுக்கும் படையும் தேவை, காசும் தேவை. 1439இல் அல்பர்ட் அரசன் அவனைச் செவெரின் என்ற தெற்கு எல்லைப் பகுதிக்குப் பொறுப்பாக்கினான். அல்பர்ட் இறந்ததும் அரியணைச் சண்டை. ஹுன்யாடி போலந்துக்கார விளாதிஸ்லாவின் பக்கம் நின்று ஜெயித்தான். 1441இல் திரான்சில்வேனியா ஆளுநர் பதவியை மிக்லோஷ் உய்லாகியோடு பங்கிட்டுக்கொண்டான். 1444இல் வார்னாப் போரில் அந்த அரசன் செத்தான், இவன் தப்பினான். 1446இல் ஆட்சியே இவன் கையில்: அரியணைக்குரிய பிள்ளை வெளியே இருந்ததால் நாட்டின் ஆளுநர்.

சாகும்போது அவனிடம் ஏறக்குறைய 23 இலட்சம் ஹெக்டேர் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். வெறும் இலக்கமாகப் பார்த்தால் பிடிபடாது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி நாலு மாவட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் எட்டு இலட்சம் ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவு. முழு வன்னியைப்போல மூன்று! எத்தனை உறுதி எழுதியிருப்பார்களோ, அந்தக் கை நொந்த எழுத்தர்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

1456 ஜூலையில் பெல்கிரேட்டில் சுல்தான் இரண்டாம் மெஹ்மெதைத் திருப்பி அனுப்பினான். மூன்று கிழமைக்குள் கொள்ளைநோயில் போய்விட்டான். மறுவருடம் அரசன், முன்பு வெளியே இருந்த அதே பிள்ளை, அவனுடைய மூத்த மகனின் தலையை வெட்டுவித்தான். கடன்காரருக்குப் பயம் வந்தால் இப்படியும் செய்வார்கள் போலும். ஆனால் அந்த அரசனும் அதே வருடம் செத்தான். 1458 ஜனவரியில் பிரபுக்கள் கூடி, பதினைந்து வயதுகூட நிரம்பாத இளைய மகன் மத்தியாஸை அரசனாக்கினார்கள்.

விறாந்தைக் கதிரையோடு நின்றுவிட்டார் எங்கள் ஒற்றிக்காரர்.