லாக்ஹார்ட் போனால் கவுன்டரில் என்ன கேட்பது

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டினுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது லாக்ஹார்ட். 1894-இல் கட்டிய கோர்ட் கட்டடத்தைச் சுற்றிப் படர்ந்த சின்ன ஊர். டெக்சஸின் பார்பிக்யூ (விறகுப் புகையில் மெதுவாக வேகும் கறி) தலைநகர் இதுதான் என்று 1999-இல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையே தீர்மானம் போட்டது. இங்குள்ள பழைய கடைகளில் உட்கார்ந்தவுடன் சர்வர் வந்து நிற்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். கசாப்புக் கடையாகத் தொடங்கிய இடங்கள் இவை. கறியைப் பவுண்டு கணக்கில் நிறுத்துத்தான் வாங்க வேண்டும். அன்று கசாப்புக் கடையில் கறி மடித்துக் கொடுத்த அதே பழுப்புக் காகிதம்தான் இன்றும் தட்டு.

1900-இல் தொடங்கிய க்ரைட்ஸ் மார்க்கெட் (எழுத்தைப் பார்த்து ‘க்ரூஸ்’ என்பார்கள், உள்ளூரில் ‘க்ரைட்ஸ்’), 1999-இல் குடும்பம் பிரிந்தபோது அதன் பழைய கட்டடத்திலேயே உருவான ஸ்மிட்டீஸ், 1932 முதல் நடக்கும் ப்ளாக்ஸ் ஆகிய மூன்றும்தான் பெரிய பெயர்கள். ஒரே கடைக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் ஸ்மிட்டீஸ் போங்கள், கட்டடத்துக்காகவே போகலாம். செங்கல் அடுப்பின் வாயில், தரையிலேயே, விறகு எரிந்துகொண்டிருக்கும். வரிசை அந்தத் தணலை ஒட்டித்தான் நகர்கிறது. தடுப்புக் கம்பியெல்லாம் பெரிதாகக் கிடையாது; குழந்தைகள் கையை விடாதீர்கள். புகை ஏறிச் சுவரும் கூரையும் கரியாகக் கறுத்திருக்கும். உங்கள் சட்டையிலும் இரவுவரை அந்த வாசம் இருக்கும்.

மதியக் கூட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள், முடிந்தால் வார நாளில். கறி முந்தின நாளோ விடியலிலோ அடுப்பேறியது. தீர்ந்தால் தீர்ந்ததுதான், அவசரத்துக்கு இன்னொன்றைப் போட்டு எடுக்க முடியாது.

க்ரைட்ஸிலும் ஸ்மிட்டீஸிலும் இரண்டு வரிசை: கறி அடுப்பருகே, பீன்ஸும் குளிர்பானமும் சாப்பிடும் கூடத்தில். ப்ளாக்ஸில் ஒரே வரிசை. தொட்டுக்கொள்ளும் அயிட்டங்கள் முதலில் வரும், கறி கடைசியில். அங்கே பசியில் தட்டை முன்பே நிரப்பிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

ஆளுக்கு அரை பவுண்டு, அதாவது 225 கிராம், தாராளம். நாலு பேர் என்றால் ஒரு பவுண்டு பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி), ஆளுக்கொரு பன்றி விலா, இரண்டு சாசேஜ், அவ்வளவே. மாட்டு விலா என்றால் மட்டும் எடையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்: ஒரு விலாவே எலும்போடு ஒரு பவுண்டைத் தாண்டும், எலும்புக்கும் சேர்த்துத்தான் காசு.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுக்கறி. மாட்டின் எடையில் பெரும்பங்கு முன்பக்கத்தில் இறங்குவதால் அங்கே தசை கெட்டி, ஜவ்வும் அதிகம். அந்த ஜவ்வு மெதுவான சூட்டில்தான் கரைந்து பசையாகும். உள்சூடு 65-75 டிகிரி செல்சியஸுக்கு வந்ததும் கறி வியர்க்கும். அந்த ஈரம் ஆவியாகித் தன்னையே குளிரவைப்பதால் மணிக்கணக்கில் சூடு ஏறாமல் நிற்கும். பொறுமை இழந்து அங்கே எடுத்தால் ரப்பர். கிட்டத்தட்ட 95 டிகிரியைத் தொட்டு, பிறகு ஆறவும் வைத்த கறிதான் வாயில் கரையும். இதற்குள் பச்சை எடையில் பாதிவரை போய்விடும். விலையைப் பார்த்து மலைக்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேட்கும்போது வெறுமனே ‘பிரிஸ்கெட்’ என்று சொல்லாதீர்கள். அதில் இரண்டு தசை. ‘லீன்’ என்பது தட்டையான, கொழுப்புக் குறைந்த பக்கம். ‘ஃபேட்டி’ அல்லது ‘மாய்ஸ்ட்’ என்பது கொழுப்பு ஊடுருவிய பக்கம். இரண்டாவதையே கேளுங்கள். லீன் கொஞ்சம் நேரம் தவறினாலும் சக்கையாகிவிடும், ஃபேட்டி மன்னிக்கும். உங்கள் கண்முன் வெட்டுகிறார்களா என்று பாருங்கள். முன்பே வெட்டிக் குவித்த துண்டு சில நிமிடத்திலேயே காய்ந்து கறுக்கும்.

வந்த துண்டு பென்சில் கனம் இருக்க வேண்டும், நாரின் குறுக்கே வெட்டியதாக இருக்க வேண்டும். விரலின் மேல் நடுவில் தொங்கவிடுங்கள். இரண்டு முனையும் தளர்ந்து கீழே வளைய வேண்டும், அறுந்து விழக்கூடாது. மெல்ல இழுத்தால் பிரிய வேண்டும். விறைத்து நின்றால் வேகவில்லை. தொட்டதும் உதிர்ந்தால் அளவு மீறி வெந்துவிட்டது. ஓரத்தில் தெரியும் ரோஸ் நிற வளையத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். புகையிலுள்ள வாயு தசையின் நிறமியோடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது, ருசிக்குச் சாட்சியல்ல. நாக்கு மரத்து, சாம்பல் கசப்பு அடித்தால் விறகு சரியாகக் காயாமல் வெள்ளைப் புகை கக்கியிருக்கிறது என்று அர்த்தம். நன்கு உலர்ந்த போஸ்ட் ஓக் (இங்கே விறகாகும் ஒரு வகை ஓக் மரம்) கட்டை மெலிந்த நீலப் புகைதான் விடும்.

முதல் வாய் சாஸ் இல்லாமல் சாப்பிடுங்கள். க்ரைட்ஸில் பல்லாண்டுகள் சாஸே வைத்ததில்லை, முள்கரண்டியும் கொடுத்ததில்லை. உப்பு, மிளகு, புகை. அதற்குத் துணை வெள்ளை ரொட்டி, வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் தாராளமாகப் போகலாம், ஆனால் சாசேஜ் பக்கம் போக வேண்டாம். இவ்வூர்ச் சாசேஜ் பெரும்பாலும் மாட்டுக்கறிதான், அதில் பன்றியும் கலந்திருக்கும். இரண்டில் எதைத் தவிர்ப்பவருக்கும் ஆகாது. பன்றி சாப்பிடுகிறவர்களுக்கு விலாவும் சாப்ஸும் அருமை. வான்கோழி கிடைத்தால் வாங்கலாம். பீன்ஸில் கறி போட்டிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கத்தியும் வெட்டுப்பலகையும் எல்லாவற்றுக்கும் ஒன்றே, அது ஒத்துவராதென்றால் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வாங்கினால் வெட்டாத துண்டாகக் கேளுங்கள். காரில் ஐஸ் பெட்டி வேண்டும். டெக்சஸ் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்க விடாதீர்கள். மறுநாள் வடிந்த சாறோடு ஃபாயிலில் இறுகச் சுற்றி, 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஒரு பவுண்டுத் துண்டுக்கு ஒரு மணி நேரம்போல் வையுங்கள். நடுப்பகுதி ஆவி பறக்கச் சூடானதும் எடுத்து, சாப்பிடும்போது மட்டும் வெட்டுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் தோலாகிவிடும்.